பதினோரு மில்லி

மேட்டுப்பாளையத்திலிருந்து முதல் பேருந்தில்
குரங்குக் குல்லாவோடு வந்திறங்கினார்
தணிக்கையாளர் சந்திரசூடன்.
கோத்தகிரிப் பள்ளி, இருப்புப் பதிவேடு,
நாற்பத்தோராம் பக்கம், ஏழாவது வரி:
பாதரசம், இரண்டு கிலோ.

"எங்கே?"
எடுத்து வைத்தேன்.
"இதுவா?"
கால் லிட்டர் குப்பி. அதிலும்
பாதிக்குக் கொஞ்சம் மேலேதான்.
"ரெண்டு கிலோன்னு எழுதியிருக்கீங்க யோகமலர்,
ரெண்டு லிட்டர் இருக்க வேணாமா?"

இதுவரை பாலை மட்டுமே அளந்து வாங்கியவரிடம்
என்ன சொல்வது.
குப்பியைக் கையில் கொடுத்தேன்.
மணிக்கட்டு சட்டென்று மேசைக்கு இறங்கியது.
உள்ளிருந்து யாரோ இழுத்துவிட்டதுபோல்
குப்பியையே பார்த்தார், பிறகு என்னை.

ஜோகி சார் வகுப்பைப் பாதியில் விட்டு வந்து
கரும்பலகையில் எழுதினார்.
நிறையை அடர்த்தியால் வகுத்தால் பருமன்.
இரண்டாயிரம் கிராம், பதின்மூன்று புள்ளி ஆறு.
நூற்று நாற்பத்தேழு மில்லி,
டீக்கடை டம்ளர் ஒன்று.
"அலுமினியமா இருந்தா ஒரு சொம்பு நிறையும் சார்.
தங்கம்னா நூற்று நாலு மில்லி, உள்ளங்கைக்குள்ளே முடிஞ்சிடும்."
தங்கம் என்றதும்
சந்திரசூடன் குல்லாவைக் கழற்றினார்.

தராசு பழுதுபார்க்கக் கோவை போய்
இரண்டு ஆடிமாதம் ஆகிவிட்டது.
ஆகவே அளவுசாடி.
சாடியைச் சாய்த்துப் பிடித்து
கண்ணாடிச் சுவரோரமாக விட வேண்டும்,
நேராக விட்டால் அடி உடையும்.
தண்ணீருக்குப் பள்ளத்தில் கண் வைப்பார்கள்.
இது மேடாக நிற்கும்,
மேட்டின் உச்சியில் கண் வைக்க வேண்டும்.
முதல் சாடி நூறு.
இரண்டாவதில் கோடு நிற்கவில்லை,
நடுங்கியது.
"அடங்கட்டும்" என்று காத்திருந்தார்.
சாடியை மேசையில் வைத்ததும் அடங்கியது.
"குளிர்" என்றேன்.
அவர் பேனாவில் ஏதோ குறித்துக்கொண்டார்.

முப்பத்தாறு.
மொத்தம் நூற்று முப்பத்தாறு.
பதினோரு மில்லி இல்லை.

"குளிர்ல சுருங்கியிருக்குமோ?"
அவரே கேட்டார், கொஞ்சம் இரக்கத்தோடு.
இருபது டிகிரி இறங்கினாலும்
அரை மில்லி சுருங்கும் என்றார் ஜோகி சார்.
பொய் சொல்லத் தெரியாத மனிதர்.
பதினொன்றைப் பதின்மூன்று புள்ளி ஆறால் பெருக்கி
நூற்றைம்பது கிராம் குறைவு என்று எழுதினார்கள்.
இருமல் மருந்து மூடி ஒன்று, அதற்கு மேலே ஒரு சொட்டு.
அதன் விலையை
என் சம்பளத்தில் பிடிப்பார்களாம்.

மதியம் பேருந்துக்குக் கிளம்பினார்.
மைதானத்தில் காட்டெருமை நின்றதால்
கால்மணி நேரம் மறுபடி உள்ளே உட்கார்ந்து
என் டீயைக் குடித்தார்.
நல்ல டீ என்றார்.

எல்லோரும் போனபின் கதவைச் சாத்தினேன்.
வெள்ளைக்காரன் காலத்துப் பலகைத் தரை இது.
டார்ச்சைத் தரையோடு தரையாக வைத்து அடித்தேன்.
இடுக்குகளில் கண் திறந்தன,
கடுகளவு, மிளகளவு, ஊசிமுனையளவு:
நான் வருவதற்கு முன் உடைந்த காற்றழுத்தமானி,
நான் வந்தபின் உடைந்த ஒன்பது வெப்பமானிகள்,
அண்ணாதுரை என்ற பையன்
ஐந்து ரூபாய் நாணயத்தில் தேய்த்துப் பார்த்தது.
அஞ்சலட்டை விளிம்பால் ஒதுக்கி
சொட்டுக்குழாயில் உறிஞ்சி
ஒன்பது மணிவரை சேர்த்தேன்.

நான்கு மில்லி.
ஐம்பத்து நான்கு கிராம்.

மீதி ஏழு மில்லிக்குப்
பதிவேட்டில் மூன்று பத்திகள் உண்டு:
உடைந்தது, தீர்ந்தது, களவு.
மூடிய ஜன்னலுக்குள் இருபத்திரண்டு குளிர்காலம்
ஹீட்டரைப் போட்டுக்கொண்டு
நான் இந்த அறையில் சாப்பிட்டிருக்கிறேன்.
ஏழு பெருக்கல் பதின்மூன்று புள்ளி ஆறு,
தொண்ணூற்றைந்து கிராம்.
ஒரு கோழிமுட்டை எடையைவிட அதிகம்.
எந்தப் பத்தியில் எழுதுவது?

ஜன்னலைத் திறந்தேன்.
தேயிலை வாடும் மணத்தோடு மூடுபனி வந்தது.
குப்பியின் புது அளவை, நூற்று நாற்பது,
பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டேன்.
யோகமலர் என்ற பெயரில்
கடைசி எழுத்து
கோட்டைத் தாண்டி எங்கோ போயிருந்தது.